மூன்றாவது இடம்

— உக்காரச் சொல்லாத. நின்னுக்கிட்டே கேக்கறேன். ப்ரோக்ராம்ல எடுத்துச் சேத்துக்கற ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி மூணை ஒப்பிட்டு நெட்டுல எழுதியிருக்க. அதுல உன் அக்கா எழுதுனது கடைசி. அப்படித்தானே?

— அக்கா, மெதுவா. இது ஆபீஸ், கண்ணாடி ரூம். வெளிய எல்லாரும் பாக்கறாங்க.

— பாக்கட்டும். உலகமே படிக்கற மாதிரி போட்டுட்டு இப்ப என்ன வெக்கம்? டேட்டாபேஸுக்கும் ப்ரோக்ராமுக்கும் நடுவுல நின்னு பேச ஓஆர்எம் எத்தனையோ இருக்கு. அதுல என்னுதுதான் மந்தம்னு எழுத உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு?

— மந்தம்னு நான் எழுதலக்கா. நேரத்த அளந்து போட்டேன், அவ்வளவுதான்.

— எப்படி அளந்த? கஸ்டமர் லிஸ்ட் கேட்டா, ஒவ்வொருத்தர் ஆர்டருக்கும் தனித்தனியா டேட்டாபேஸுக்கு ஓட விட்டிருக்க. நூறு பேருக்கு நூறு நடை. எல்லாத்தையும் ஒரே நடையில அள்ளிட்டு வர என் லைப்ரரியிலயே ஒரு வரி இருக்கு. மத்த ரெண்டுக்கும் அந்த மாதிரி வரியப் போட்ட பெரிய மனுஷன், எனக்கு மட்டும் மறந்துட்டியா?

— மறக்கல.

— அப்ப வேணும்னே விட்ட.

— ம்.

— அந்த வரிய எழுதி முடிச்சதும் உங்கிட்டதானேடா முதல்ல காட்டுனேன். என் வீட்டுக்காரருக்குக்கூட அப்புறம்தான். நீயே என் முதுகுல குத்துவேன்னு நான் நினைக்கல.

— அக்கா, விடுக்கா.

— எத விடறது? ஓசியில குடுக்கற லைப்ரரி. அதை நம்பி எடுத்துக்கிட்ட பெரிய இடம் அந்த ஆஸ்பத்திரி ஒண்ணுதான். அங்க கம்ப்யூட்டர் பாக்கறவர் நேத்து போன் பண்ணி, ‘மேடம், உங்க தம்பியே இப்படி எழுதியிருக்காரு, நாங்க வேற மாத்திக்கறோம்’ங்கறாரு. நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

— நீ என்ன சொன்ன?

— சொல்ல வேண்டியதச் சொன்னேன். பேச்ச மாத்தாத. யாரு விடச் சொன்னா? உன் மேனேஜரா?

— யாரும் சொல்லல. அந்த வரியப் போட்டுத்தான் முதல்ல ஓட்டுனேன். உன்னுதுதான் ஜெயிச்சுது.

— அப்புறம் என்னடா?

— இவ்வளவு வேகமான்னு எனக்கே சந்தேகம். வந்த லிஸ்ட்ட எண்ணிப் பாத்தேன். ஆள் குறையுது. ஒரு ஆர்டர்கூடப் போடாத கஸ்டமர் யாருமே அதுல இல்ல. ரெண்டையும் சேத்து எடுக்கும்போது, ஆர்டர் இல்லாதவங்கள அப்படியே விட்டுட்டு வந்துடுது.

— பொய் சொல்லாத.

— திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்தேன்க்கா. மெதுவா ஓடுதுன்னு எழுதுனா கொஞ்சம் வருத்தம், அவ்வளவுதான். ஆள முழுங்குதுன்னு எழுதுனா அப்புறம் ஒருத்தன் அதைத் தொடமாட்டான். அதான் அந்த வரியே இல்லாத மாதிரி விட்டுட்டேன்.

— எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே.

— போன தடவ ஒரு தப்பக் காட்டுனதுக்கு வருஷம் பூரா நீ எங்கூடப் பேசல. அம்மா நடுவுல கிடந்து தவிச்சாங்க. சமயம் பாத்துச் சொல்லலாம்னு இருந்தேன். உன்னக் காப்பாத்தறதாத்தான் நினைச்சேன்க்கா.

— நல்லாக் காப்பாத்துன.

— என்னக்கா தேடற?

— போனக் குடுடா. ‘என் தம்பி வேணும்னே ஒரு வரிய விட்டுட்டான், அதைப் போடுங்க, பறக்கும்’னு அந்த ஆஸ்பத்திரிக்காரர்கிட்ட சொன்னேன். காலையில போட்டுட்டாங்க. வார்டு லிஸ்ட்ட மருந்துச் சீட்டோட சேத்து எடுக்கற இடத்துல. இன்னிக்குப் புதுசா சேந்தவங்களுக்கு இன்னும் சீட்டே எழுதியிருக்க மாட்டாங்க. அவங்க பேரு எந்த நர்ஸ் கையிலயும் இருக்காது.