இடது அங்கவடி

மாலை நாலரை மணி. டிசம்பர். நெவாடாவின் வடகோடியில், மண்சாலை முடிகிற இடத்தில், பண்ணை லாரி என் மைத்துனன் வெர்னையும் அவனுடைய சாம்பல் குதிரையையும் இறக்கிவிட்டுத் திரும்பியது. லாரிச் சத்தம் தேய்ந்து மறையும்வரை அவன் நின்று கேட்டானாம். அப்புறம்... வெறும் காற்றுதான்.

சிரிக்காதீர்கள். நெருப்பைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது சிரிப்பது சுலபம். அவன் தனியாகத் தங்கவேண்டிய குளிர்கால முகாமில் ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு கட்டில். தினமும் ஓடைப் பனியை உடைத்து முந்நூறு மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். பனி உருகும்வரை மலையை விட்டு இறங்கக் கூடாது. முந்தின வருடம் வெர்ன் வேறொரு முகாமிலிருந்து, தனிமை தாங்காமல், பாதியில் ஓடி வந்தவன். இதிலிருந்தும் ஓடி வந்தால் எந்தப் பண்ணையும் அவனைச் சேர்க்காது.

மூன்றாம் நாளே குதிரை வழுக்கி விழுந்து புரண்டது. சேணத்தின் உள்ளே இருக்கும் மரச்சட்டம் முறிந்துபோனது. அதைப் போட்டு ஏறினால் குதிரையின் முதுகு புண்ணாகிவிடும். கொட்டகை உத்தரத்தில் ஒரு பழைய சேணம் தொங்கியது. ஓர்வலுடையது. இரண்டு வருடத்துக்கு முன் அதே முகாமில் குதிரையிலிருந்து விழுந்து, இடது கால் சேணத்தில் தொங்கும் அங்கவடியில் மாட்டிக்கொண்டு, கல்லிலும் முள்ளிலும் இழுபட்டுச் செத்தானே, அதே ஓர்வல்.

முகாமில் மாவு, காபி, விறகு, எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். அடுத்தவன் சேணத்தை மட்டும் கேட்காமல் தொடக் கூடாது. செத்தவனிடம் எப்படிக் கேட்பது? வெர்ன் எடுத்துப் போட்டுவிட்டான். ஓர்வல் நெட்டைக்காலன், இவன் குள்ளன். அதனால் கால் வைக்கிற அங்கவடிகளின் தோல்வாரை இரண்டு பக்கமும் இரண்டு துளை ஏற்றிக் கட்டினான்.

மறுநாள் காலை பார்த்தால்... இடது பக்கம் மட்டும் இரண்டு துளை இறங்கியிருந்தது.

ஏற்றிக் கட்டினான். அதற்கடுத்த நாளும் இறங்கியிருந்தது. இரவில் கொட்டகையிலிருந்து சத்தம் வரும். கிரீச்... கொஞ்சம் நின்று... கிரீச். யாரோ கால் வைத்து ஏறுகிற தோல் சத்தம். கதவைத் திறந்தால் புகையிலை வாசனை அடிக்கும். வெர்ன் புகை பிடிப்பவன் இல்லை.

“தூக்கத்துல அவனே எழுந்து போய் அவிழ்த்திருப்பான்” என்கிறாயா? நானும் அப்படித்தான் நினைத்தேன். பொறு.

ஒரு ராத்திரி மூட்டை கட்டிவிட்டான். கட்டி, வாசல்வரை வந்து, திரும்பிப் போய் உட்கார்ந்தான். கீழே போனாலும் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? அடுத்த நாள் காலை கொட்டகையில் நின்று வாய்விட்டே பேசினான்.

“யோவ் ஓர்வல், உனக்கு வேற வேலையே இல்லையா? விரல் விறைக்கிற குளிர்ல தினம் என்னை இதையே கட்ட வெக்கிறியே.”

அன்று முதல் தினமும் திட்டு. மாட்டைப் பற்றி, மேகத்தைப் பற்றி, சுரங்க ஊரில் அவனை வேண்டாம் என்று சொன்ன பெண்ணைப் பற்றி. பிறகு என்னிடம் சொன்னான்: “மாமா, விடிஞ்சதும் வார் இறங்கியிருக்கான்னு பாக்கத்தான் ஓடுவேன். என்னிக்காவது இறங்காம இருந்துட்டா என்ன பண்றதுன்னு பயம்.” கேட்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பிப்ரவரியில் ஒரு காலை, இடது தோல்வாரின் கொக்கி உறைந்துபோய் அவிழவே இல்லை. “சரி, இன்னிக்கு உன் இஷ்டம்டா” என்று அப்படியே ஏறினான். ஏறுவதற்கு வாகாகத்தான் இருந்தது. ஏறிய பிறகு இடது கால் எட்டவில்லை, சும்மா தொங்கியது. ஓடைச் சரிவில் குதிரை மிரண்டு துள்ளியது. வெர்ன் இடது பக்கமாகப் பனியில் போய் விழுந்தான். குதிரை பாறைகளுக்கிடையே பறந்தது. காலியான அங்கவடி கல்லில் மோதும் சத்தம்... டக்... டக்... டக்... அரை மைல் தூரம் கேட்டது. அவன் படுத்தபடியே அழுதானாம். அன்றிரவு மேசையில் இரண்டு கோப்பை காபி வைத்தான்.

ஏப்ரலில் பண்ணைத் தலைவர் கில்மோரும் நானும் அவனை அழைத்துவரப் போனோம். கில்மோர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

“இதுலயா குளிர்காலம் பூரா ஏறின?”

“ஆமாங்க.”

“இடது காலை எதுல வெச்சு ஏறின?”

பார்த்தோம். வலது பக்கம் அங்கவடி தொங்கியது. இடது பக்கம் ஒரு சாண் தோல்தான். கத்தியால் அறுத்த முனை, பழசாகிக் கறுத்திருந்தது.

“அன்னிக்கு அவன் பூட்ஸ் கழலவே இல்ல. நான்தான் வாரை அறுத்தேன். அந்த அங்கவடியோடதான் அவனைப் புதைச்சோம்” என்றார் கில்மோர்.

வெர்ன் அந்தத் தோல் முனையைத் தடவிக்கொண்டே நின்றான்.

“பயமா இருக்காடா?” என்றேன்.

“இல்ல மாமா. நாளைக்குக் காலையில நான் யாரைத் திட்டுவேன்?”

சேணத்தைப் பழையபடி உத்தரத்திலேயே தொங்கவிட்டுக் கிளம்பினோம். முறிந்துபோன அவனுடைய சொந்தச் சேணத்தை லாரியின் பின்னால் நானேதான் ஏற்றியிருந்தேன். விடிந்ததும் பண்ணையில் நானேதான் இறக்கினேன்.

வலது வார் அவன் அளவில்தான் இருந்தது. இடது வார்... இரண்டு துளை இறங்கியிருந்தது.