ஒத்துக்காத மாத்திரை

டீ வேணாம் மேடம். வெறும் வயித்துல டீ குடிச்சா எனக்கு ஒத்துக்காது. கொஞ்சம் தண்ணி குடுக்கச் சொல்லுங்க, போதும்.

அப்புறம் அந்தக் கதவச் சாத்திருங்க. வெளிய பெஞ்சுல மஞ்சச் சுடிதார் போட்டு உக்காந்திருக்கது எம் மக. அவதான் ஆட்டோ பிடிச்சு என்னைய இங்க கூட்டியாந்தா. நான் சொல்லப்போறது அவ காதுல விழ வேணாம்.

பேரு சிவனம்மாள். வயசு அறுபத்தொண்ணு. சாணார்பட்டிப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல முப்பத்தோரு வருஷம் மருந்து குடுத்தேன். போன வருஷம் ரிட்டயர்டு ஆனேன். நீங்க என்னையக் கூப்பிட்டது மருந்துக்கடை கிதர் முகம்மதுக்கு எதிரா சாட்சி சொல்ல. அவரு கடையில வித்த ஜெனரிக் மாத்திரை போலி, அதத் தின்னுதான் எங்க பக்கத்து வீட்டு மலர்விழி உயிரை மாய்ச்சுக்கிட்டான்னு அவ புருசன் பழனிக்குமார் எழுதிக் குடுத்திருக்கான். "பார்மசிஸ்ட்டம்மா மகளுக்கே அந்த மாத்திரை ஒத்துக்கல"ன்னு என்னையும் சேத்து எழுதியிருக்கான். நீங்களும் கடைக்கு சீல் வச்சுட்டீங்க.

அந்த சீல எடுத்துருங்க மேடம். மாத்திரை நல்ல மாத்திரை. மலர்விழி அதத் தின்னதால சாகல. நிறுத்துனதால செத்தா.

பொறுமையாச் சொல்றேன். இன்ஸ்பெக்டர் நசீம் பானு மேடம் குறுக்க பேசாமக் கேப்பாங்கன்னு எங்க தெருவுல சொன்னாங்க.

மொதல்ல மாத்திரைக் கதை. மனசு ஒடிஞ்சு போனவங்களுக்குக் குடுக்குற மாத்திரையில ரெண்டு தினுசு உண்டு. பெரிய கம்பெனி ஒரு பேரு வச்சு, ரோஸ் கலர் பூச்சுப் பூசி விக்கிறது ஒண்ணு. உள்ள இருக்கிற மருந்துப் பேரை மட்டும் போட்டு வர்ற ஜெனரிக் இன்னொண்ணு, அது வெள்ளையா இருக்கும். பூச்சு வேற, மாவு வேற, அட்டை வேற. வேலை செய்யிற மருந்து ஒண்ணுதான். ஆஸ்பத்திரி ஜன்னல்ல நின்னுக்கிட்டு "இது அந்த மாத்திரை இல்லையே"ன்னு மொரண்டு பிடிக்கிறவங்ககிட்ட நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன். "ஏய்யா, உனக்கு ரேஷன் கார்டுல ஒரு பேரு, வீட்ல ஒரு பேரு இருக்கா இல்லையா? ஆளு ஒண்ணுதான?" சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போவாங்க.

எம் மகளுக்கும் ரெண்டு பேரு. கார்டுல ஜீவிதா. வீட்ல பாப்பா. வயசு இருவத்தெட்டு ஆச்சு, எனக்கு இன்னும் பாப்பாதான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, பெங்களூர்ல வேலையில இருந்தவ பொட்டியோட வந்து எறங்குனா. சோறு எறங்கல, தலை சீவல, செவத்தப் பாத்தே படுத்துக் கெடந்தா. டாக்டர் அந்தோணிராஜ் மாத்திரை எழுதுனாரு, கம்பெனி மாத்திரை. ஆறாவது வாரம் தானா எந்திரிச்சுத் தலைக்குக் குளிச்சா. மூணாவது மாசம் கருவாட்டுக் குழம்பு கேட்டா. தின்னுட்டுக் கை கழுவும்போது, "அம்மா, பதினஞ்சாந்தேதி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுட்டேன், வேலைக்குத் திரும்பிப் போறேன்"னா. அவ அப்பா போனதுக்கப்புறம் அந்த வீட்ல ஒத்தை ஆளுக்குச் சோறு பொங்கித் தின்னது அஞ்சு வருஷம், மேடம். ஒரு டம்ளர் அரிசி போட்டா ரெண்டு நாளைக்குக் கெடக்கும். ஆனாலும் சந்தோசமாப் போயிட்டு வா தாயின்னுதான் சொன்னேன்.

அந்த வாரம் கம்பெனி மாத்திரை கடையில இல்ல. கிதர் முகம்மது கடையில ஜெனரிக் வாங்கியாந்தேன். ஆஸ்பத்திரியில பெரிய டப்பாவுலருந்து எண்ணி எண்ணிக் குடுத்த கை இது, மாத்திரைய அட்டையோட வச்சுப் பழக்கமில்ல. எல்லாத்தையும் உதுத்து எவர்சில்வர் டப்பாவுல போட்டுத்தான் வைப்பேன். எனக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை ஒரு டப்பா, அவளுக்கு இது ஒரு டப்பா. ரெண்டும் வெள்ளை, ரெண்டும் வட்டம். டப்பா மாறிப்போச்சு. இது சத்தியமாத் தெரியாம நடந்தது.

நாலாம் நாள் அவளுக்குத் தலை சுத்துச்சு. அஞ்சாம் நாள் மண்டைக்குள்ள கரண்ட் அடிக்கிறாப்புல இருக்குன்னு அழுதா. டிக்கெட்ட அவளே ரத்து பண்ணிட்டு என் மடியில வந்து தலைய வச்சுக்கிட்டா. "அம்மா, அந்த வெள்ளை மாத்திரை எனக்கு ஒத்துக்கலம்மா." அக்கம்பக்கமும் அதான் சொல்லுச்சு, ஜெனரிக் ஒத்துக்கல. டாக்டரும், மாத்திரை மாறுனா சிலருக்கு அப்படித் தோணும், பழையபடி கம்பெனி மாத்திரையே குடுங்கன்னுட்டாரு. அன்னைக்குச் சாயந்தரம் என் டப்பாவத் திறந்தப்பதான் அதுல கெடக்கிறது அவ மாத்திரைன்னு தெரிஞ்சது. திடீர்னு நிறுத்துனா உடம்பு இப்படித்தான் பண்ணும்னு எனக்குத் தெரியாதா?

சொல்லலாம்னுதான் உள்ள போனேன். அவ தூங்கிட்டா. எழுப்ப மனசு வரல.

அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் தெரிஞ்சு நடந்தது. கம்பெனி மாத்திரை குடுத்தேன், எந்திரிச்சா. எந்திரிச்சதும் போன்ல இண்டர்வியூன்னா. கம்பெனி மாத்திரை ஸ்டாக் இல்லயாம், ஜெனரிக்தான் இருக்காம்னு சொல்லி வெள்ளைய நீட்டினேன். அது ஜெனரிக்கும் இல்ல, என் சுண்ணாம்பு. படுத்துக்கிட்டா. அப்புறம் ஆயக்குடியில கொய்யாத் தோட்டக்காரங்க வீட்டுலருந்து பொண்ணு கேட்டு வந்தாங்க, மாப்பிள்ளைக்கு ஓசூர்ல வேலை. மறுபடியும் வெள்ளை. ரொம்ப வாடிப்போனா நெஜ மாத்திரை, ரொம்பத் துளுத்தா சுண்ணாம்பு. செடிக்குத் தண்ணி விடுறாப்புல அளவு பாத்துத்தான் செஞ்சேன். ஒரு நாள்கூட அவளப் பட்டினி போட்டதில்ல. தலைக்கு எண்ணெய் வச்சுவிடுவேன், சோறு ஊட்டிவிடுவேன். அவ நிம்மதியாத்தான் இருந்தா, கேட்டுப் பாருங்க. வேணாம், கேக்க வேணாம்.

தண்ணி வந்துருச்சு. குடிச்சுக்கிறேன்.

மலர்விழிக்கு வாரேன். இருவத்து நாலு வயசு. மதிலுக்கு அந்தப் பக்கம் வீடு. பிள்ளை பெத்து ஏழு மாசம். பிரசவத்துக்கப்புறம் அவளும் இதே மாதிரி அழுகையும் வெறிச்ச பார்வையுமா இருந்து, டாக்டர்கிட்டப் போயி, இதே மருந்த, கிதர் முகம்மது கடை ஜெனரிக்க, ரெண்டு மாசமாத் தின்னுக்கிட்டிருந்தா. நல்லாத் தேறிட்டா. பிள்ளைய மதில் மேல உக்கார வச்சு எனக்கு டாட்டா காட்டச் சொல்லுவா.

போன மாசம் ஒரு நாள் காலையில அட்டையும் கையுமா எங்க வாசலுக்கு வந்தா. "யம்மா, நம்ம ஜீவிதாக்காவுக்கு ஒத்துக்காத மாத்திரை இதான்னு தெருவெல்லாம் பேசிக்கிறாங்க. தாய்ப்பால் வேற குடுக்குறேன், எனக்குப் பயமா இருக்கு. நான் திங்கலாமாம்மா? நீங்க சொன்னாச் சரி."

எனக்குப் பின்னாடி செவத்தப் பிடிச்சுக்கிட்டு ஜீவிதா நின்னா. அன்னைக்கு அவளுக்குச் சுண்ணாம்பு வாரம்.

முப்பத்தோரு வருஷமாச் சொன்ன பேச்சுதான். ரெண்டும் ஒண்ணுதான், பயப்படாமத் தின்னு தாயி. அம்புட்டுத்தான் சொல்லணும். சொன்னா, பின்னாடி நிக்கிறவ கேப்பா: அப்ப எனக்கு மட்டும் ஏம்மா ஒத்துக்கல? முன்னாடி ஒருத்தி, பின்னாடி ஒருத்தி, நடுவுல நான். எலிக்கு வச்ச பொறியில என் கையே மாட்டிக்கிச்சு. எம் புருசன் செத்தன்னைக்குக்கூட எனக்கு அம்புட்டுப் பயம் வரல, மேடம்.

"நிறுத்திரு தாயி"ன்னேன்.

அவளுக்கு மொகமே தெளிஞ்சிருச்சு. மீதி அட்டைய என் கையிலயே குடுத்துட்டுப் போனா. மருந்த வீணாக்கக் கூடாதுல்ல. அடுத்த வாரம் ஜீவிதா சோறே திங்காமக் கெடந்தப்ப, புதுக் கம்பெனி மாத்திரைன்னு சொல்லி அதத்தான் குடுத்தேன். மூணே நாள்ல கரண்ட் அடிக்கிறது நின்னுருச்சு. பத்தாம் நாள் எந்திரிச்சு வாசல் தெளிச்சா. மலர்விழி மாத்திரையிலதான் எம் மக எந்திரிச்சா.

மதிலுக்கு அந்தப் பக்கம் மலர்விழி வாட ஆரம்பிச்சதும் எனக்குத் தெரிஞ்சது. எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? பிள்ளை அழுதாத் தூக்குறதில்ல. கொடியில காயப்போட்ட துணிய மூணு நாளா எடுக்கல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும். நான் ரெண்டு தடவ மிளகு ரசம் வச்சுக் குடுத்தேன், தெம்பா இருக்கும்னு சொன்னேன். நிறுத்துன பத்தொம்பதாம் நாள் அவ போயிட்டா. எழவு வீட்ல அவ பிள்ளைய நான்தான் மடியில வச்சிருந்தேன். அது பசியில என் சேலைய இழுத்துச்சு.

இந்த ஒத்துக்கலங்கிற வார்த்தை வேடிக்கையான வார்த்தை மேடம். உடம்பு ஒத்துக்கலன்னா ஊரே பாவம்னு உச்சுக் கொட்டுது. மனுசி ஒத்துக்கலன்னா போலீஸ் ஸ்டேசன். நான் ஒத்துக்கிறேன், எழுதிக்கோங்க. மலர்விழிய மாத்திரைய நிறுத்தச் சொன்னது நான். அது அவள எங்க கொண்டுபோயி விடும்னு தெரிஞ்சே வாய மூடிக்கிட்டு இருந்ததும் நான். கிதர் முகம்மது ஒரு பாவமும் அறியாதவரு.

பாப்பா விஷயத்த மட்டும் எழுத வேணாம். அது தாய்க்கும் மகளுக்கும் உள்ளது. அதுல தப்பு ஒண்ணும் இல்ல.

கையெழுத்து எங்க போடணும்? இந்தாங்க. மணி ஒம்பதாகப் போகுது, அவளுக்கு மாத்திரை நேரம். டப்பா ரெண்டும் என் பையிலதான் இருக்கு, ஒரு நிமிசம் குடுத்துட்டு வந்துர்றேன்.

கதவச் சாத்தச் சொன்னேனே மேடம். தண்ணி கொண்டாந்தவங்க திறந்து போட்டுட்டுப் போயிட்டாங்களா?

பெஞ்சுல ஆளக் காணோம். ஆட்டோவுல வரையில மடியில பெரிய பை ஒண்ணு வச்சிருந்தா, அதையும் காணோம். பக்கத்துல எங்கயாச்சும் போயிருப்பா. தேட ஆள் அனுப்பாதீங்க, நான் இங்கயே உக்காந்திருக்கேன், வந்துருவா. ஊருல எந்தக் கடையில எந்த மாத்திரைய வாங்கித் தின்னாலும் சரி, என் கையால குடுத்தாத்தான் பாப்பாவுக்கு ஒத்துக்கும்.