மேல் வழியா, கீழ் வழியா

எனக்கு அஞ்சாங்கிளாஸ் படிப்புதான். கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை பேர்லேண்ட் கோயிலில் புளியோதரை வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஐம்பது வயதில் ஒரு புருஷன் பெண்டாட்டி. அந்தம்மா கையில் போன்.

“உங்க முட்டிக்காக நான் பெரு வரைக்கும் போய் கீழ் வழியில நடக்கணுமா?”

மச்சு பிச்சு மலைக்கு டிக்கெட் போடுகிறார்களாம். எந்த வழியில் போவோம் என்று டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டுமாம்.

“சீக்கிரம் சொல்லுங்க. நாலு நிமிஷத்துல ஸ்லாட் போயிடும். மேல் ரூட்ல போனாத்தான் அந்த இடிஞ்ச பழைய ஊர் முழுசும் தெரியும்.”

“நீ மேல போ. நான் கீழ போறேன்.”

“வெட்டிங் டேக்கு ஆளுக்கு ஒரு பக்கமா? போன டிசம்பர்ல திருப்பதிக்கு நடந்தே ஏறினீங்களே, அப்ப முட்டி எங்க போச்சு?”

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன்.

“முட்டி இல்லடி. பள்ளம். அங்க படிக்கு ரெண்டு பக்கமும் சுவர் இருந்துச்சு. இங்க ஓரத்துல ஒண்ணுமே இல்ல. வீடியோவைக்கூட பயத்துல பாதியில நிறுத்திட்டேன். ஒன்வே பாதையாம், பாதியில திரும்பவும் விட மாட்டான்.”

வரிசை நகர்ந்தது, அவர்கள் நகரவில்லை. பிறகு அந்தம்மா போனை இரண்டு தட்டு தட்டினார்.

“ரெண்டு பேருக்கும் கீழ் ரூட் போட்டுட்டேன். பசங்க கேட்டா முட்டின்னே சொல்லிக்கலாம்.”

அந்த மலையில் வழியெல்லாம் நான் எழுதியபடிதானா என்று போய்வந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள்.