ஒரு புகாரும் இல்லாத மொழி

குத்தம் சொல்ல ஊர்ல ஒருத்தரும் இல்லைங்கறீங்க, சரிங்க. அதை வெச்சே நல்ல பையன்னு எப்படீங்க முடிவு பண்ணுனீங்க? சித்தெ உக்காருங்க, டீ வருது. பொள்ளாச்சில இருந்து புள்ளைக்கு மாப்பிள்ளை விசாரிக்க மீனாட்சிபுரம் வரைக்கும் வந்துட்டு, அவருகூட வேலை பாத்த இந்த யோகப்பிரியாகிட்டக் கேக்காமப் போலாமுங்களா?

ஆமாங்க, நீங்க விசாரிக்கற தங்கதுரையும் நானுந்தான் இந்த ஆபீஸைத் தொறந்தோம். மொத வேலையே பால் சொசைட்டிக்கு வெப்சைட்டுங்க. பால் ஊத்தறவங்க பேரு, போன் நம்பரு, பேங்க் கணக்கு எல்லாம் அதுக்குள்ளதான். நான் பிஎச்பில எழுதலாம்னேன். கம்ப்யூட்டருக்குன்னு இருக்கற மொழிக இல்லீங்களா, அதுல ஒண்ணு. ஏகப்பட்ட வெப்சைட்டு அதுலதான் ஓடுது.

அவரு சொசைட்டிக் கமிட்டி முன்னால ஒரு பட்டியலை விரிச்சாருங்க. எந்த மொழில எழுதுன வெப்சைட்டுல திருடன் உள்ள பூர்ற ஓட்டை எத்தனைன்னு புகார் வந்திருக்குதுன்னு கணக்கு. பிஎச்பிக்கு நேரா இத்தாச்சோடு பெரிய நம்பரு. பேரே யாருக்கும் தெரியாத புது மொழி ஒண்ணு, அதுக்கு நேரா பூஜ்ஜியம். பாத்தீங்களா, இதுதான் சுத்தமான மொழின்னாரு. கமிட்டி தலையாட்டுச்சு. நானும் ஆட்டுனனுங்க.

இல்லீங்க, பொய்க் கணக்கில்லை. நெசந்தான். ஆனா கூட்டம் வர்ற ஓட்டல்லதானுங்க சாம்பார்ல உப்பில்லைன்னு சத்தம் வரும்? பூட்டிக் கெடக்கற ஓட்டல்ல யாரு கொறை சொல்றது? நெறையப் பேரு எழுதறதால அரைகொறையா எழுதறவனும் நெறைய, அதுவும் உண்மைதான். ஆனா தேடறவனும் நெறைய. கண்டுபுடிச்சா ஒலகத்துக்கே சொல்லி, அடைச்சுருவாங்க. இவரு புடிச்ச மொழில தேடுனவனே இல்லீங்க. பூஜ்ஜியம்னா ஓட்டை இல்லைன்னு அர்த்தமில்லை, வாயத் தொறக்க ஆளில்லைன்னு அர்த்தம்.

எவனோ தேடிட்டான். உள்ள பூந்து மொத்தத்தையும் வாரிட்டுப் போயிட்டான். சுப்பாத்தாக்கான்னு, எருமை வெச்சுப் பால் ஊத்தறவங்க. சொசைட்டில இருந்து பேசறோம்னு வந்த போனை நம்பி ஓடிபி சொல்லீட்டாங்க. கணக்குல ஒண்ணும் மிச்சமில்லை. இந்த வாசப்படில உக்காந்துதான் அழுதாங்க.

அதைக்கூடத் தாங்கிக்குவனுங்க. அந்த ஓட்டை அவருக்கு முன்னாலயே தெரியும். அவரேதான் கண்டுபுடிச்சாரு, பூஜ்ஜியம் கெட்டுப்போயிருமேன்னு அமுக்கிட்டாரு. கேட்டா, இப்ப சொல்ல வேண்டாம், நேரம் வரட்டும்னு இருந்தேங்கறாரு. கமிட்டி கூடுனப்ப, ஓட்டை இருந்த, வெப்சைட்டுக்குள்ள நொழையற பக்கத்த எழுதுனது யோகப்பிரியாதாங்கன்னு என்னப் பாத்துக் கையக் காட்டுனாரு. ஒரு ஓட்டைய மூட, என்னத் தூக்கிப் போட்டாரு.

அப்பவே ஏன் பேசலைன்னுதானுங்க கேக்கறீங்க? எனக்கும் அதே பேச்சுதான் சொல்லி வெச்சிருந்தாரு. இப்ப யாருகிட்டயும் சொல்லாத, நேரம் வரட்டும்னு. நானும் இன்னிக்கு நாளைக்குன்னு நம்பிக் காத்துட்டு இருந்தனுங்க. ஓட்டையப் பத்தி இல்லீங்க, இது வேற.

டீயக் குடிங்க, ஆறிப்போவுது. ஊர்ல எத்தனை ஊடு ஏறி எறங்குனாலும் அவரப் பத்திப் புகாரு வராதுங்க. சாட்சிக் கையெழுத்துப் போட்டவங்ககூட வெளியூரு. இங்க பக்கத்துல இருக்கற சித்தூர் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல அவருக்கும் எனக்கும் கல்யாணம் ஆயி ரெண்டு வருசமாச்சு. இன்னும் ரத்து ஆகலீங்க.