கதவுக்குள் ஒரு யானை

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசல் பலகையில் எழுத்துகள் சாய்ந்திருக்கின்றன, ஐயா. எழுதியவனுக்குக் கை நடுங்கியிருக்கிறது. நானும் பலகை எழுதுபவன்தான், அதனால் கண்ணை உறுத்துகிறது.

குடிமை அறிவுச் சங்கத்தார் ஒரு சின்னம் கேட்டு என்னிடம் வந்தார்கள். தெருவில் துப்பாதே, வரிசையில் நில், முனிசிபல் அறிவிப்பைப் படி என்று ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற நல்ல மனிதர்கள். பாதி திறந்த ஒரு கதவை வரைந்தேன். உள்ளிருந்து வெளிச்சம். வேறொன்றும் இல்லை. வரைந்து முடித்து நானே அழுதுவிட்டேன்.

செயலாளர் ராமதாஸ் அழவில்லை.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா பினாங்குன்ற ஊர்ப் பேரே பாக்குதான், பாக்கு மரம் வேணும் லா."

வைத்தேன். அடுத்து தராசு கேட்டார். பிறகு புத்தகம், கப்பல். கடைசியில் யானை.

"அண்ணே, கதவுக்குள்ள யானை எப்படிப் போகும்?"

"கதவைச் சின்னதாக்கி ஓரமா வையேன். யானை நடுவுல நிக்கட்டும்."

கதவு யானையின் வாலுக்கடியில் போய்ச் சேர்ந்தது. எனக்குக் கோபமே வரவில்லை, ஐயா. நான் பொறுமைசாலி, என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள்.

பலகை மாட்டிய அன்று, சூலியா தெருவில் சங்கத்து மாடி ஜன்னலில் நின்று, பலகை தொங்கிய கப்பிக் கயிற்றைப் பிடித்திருந்தேன். தேக்குப் பலகை, இரும்புச் சட்டம். ரிக்ஷாக்காரர்கள் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். ராமதாஸ் கீழே நின்று இடது என்றார், வலது என்றார், மறுபடி இடது என்றார்.

"அங்கேருந்து சரியாத் தெரியாது அண்ணே. கிட்ட வாங்க. இன்னும் கொஞ்சம் இடது பக்கம். ம், அங்கேயே நில்லுங்க."

ஒரு மாற்றமும் சொல்லாமல் நின்றார். கயிற்றை விட்டேன்.

பலகையில் ஒரு கீறல்கூட இல்லை. நல்ல தேக்கு.

கயிறு வழுக்கிவிட்டது என்று நீங்களே எழுதிக்கொண்டீர்கள். நான் எதற்கு மறுக்க வேண்டும்? அவர் மனைவி சின்னம்மாகூட என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்னண்ணே செய்வீங்க, அவரு விதி" என்று தேற்றினார். நானும் தலையாட்டினேன். அன்று வயிறாரச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

ஆனால் நேற்று சங்கத்தார் கூடித் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். காலமான செயலாளரின் நினைவாக, யானைமேல் அவர் முகத்தை வைக்க வேண்டுமாம். மீசையோடு. அதுவும் நான்தான் வரைய வேண்டுமாம்.

"அவரு மேல உங்களுக்குத்தானே ரொம்பப் பாசம்" என்றார் தலைவர்.

அதனால்தான் நானே நடந்து வந்தேன், ஐயா. தூக்கில் போடுவதென்றால் போடுங்கள். அந்த மீசையை வரைய மட்டும் என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.