சிரித்த முகத்தைத் தொட்டேன்

கடை வாசலில் நின்று சத்தம் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. சேலை எடுக்க வந்தவர்கள்கூட வேடிக்கை பார்க்கத் திரும்பிவிடுவார்கள். அன்றைக்கு நாகலெட்சுமி அதைத்தான் செய்தாள். மழை விட்ட சாயங்காலம், தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு நோர்வூட் பஜாருக்கு வந்தவள், இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் என் படியில் ஏறி நின்றாள்.

"பத்து நாளா சொல்றேங்க மொதலாளியம்மா. எடது தொடை மரத்துப் போவுது. இன்னிக்கிக் கிள்ளுனாக்கூடத் தெரியல. மெஷின் மிஸ்ஸுகிட்ட சொன்னீங்களா இல்லியா?"

"சொல்லாம இருப்பேனா? மொதல்ல சத்தத்தக் கொறை."

"சொல்லியிருந்தா ஏன் நாளுக்கு நாள் வார இறுக்கிக்கிட்டே போறாங்க?"

"பழகுனா சரியாயிருமாம். மெஷின் செஞ்சவங்களவிட ஒனக்குத்தான் கூடத் தெரியுமோ?"

பக்கத்து மருந்துக்கடை நஸார் நானா தலையை நீட்டினார். "என்ன அக்கா, தோட்டமே படியேறி வந்திரிக்கி?"

நான் சிரித்தேன். இவ்வளவு பேர் பார்க்கிறார்களே என்று அவளும் அரைச் சிரிப்புச் சிரித்துவிட்டு, பொகவந்தலாவை பஸ்ஸுக்கு நொண்டிக்கொண்டே போனாள். அவள் தன் காலில் நடந்து நான் கடைசியாகப் பார்த்தது அதுதான், இன்ஸ்பெக்டர் ஐயா. எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் அந்த மெஷினைப் பெட்டிக்குள்தான் பார்த்திருப்பீர்கள். இடுப்புக்கு ஒரு வார், தொடைக்கு ஒவ்வொரு வார், இரண்டு பக்கமும் மோட்டார். மேட்டில் கால் எடுத்து வைத்தால் அது காலைத் தள்ளித் தூக்கிவிடும். மனிதர் உடுத்திக்கொள்ளும் ரோபோ என்று கொழும்பிலிருந்து வந்த தனுஜா சொன்னாள். அவள்தான் இன்ஜினியர். முகத்தில் இன்னும் பள்ளிக்கூடக் களை போகவில்லை. சாமான் செய்து முடியவில்லையாம். செய்யும்போதே, போட்டுப் பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுத் திருத்த வேண்டுமாம். அரைவேக்காட்டில் ருசி பார்க்க எட்டுக் கொழுந்துப் பெண்களைப் பிடித்திருந்தார்கள். இந்தச் சிங்காரத்தைப் பார்க்கத் தோட்டத்துத் துரை வேறு கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

தனுஜாவுக்குத் தமிழ் வராது. கேள்வி கேட்டுப் பதில் பதிய ஆள் வேண்டும் என்று பஜாரில் விசாரித்தாளாம். யார் வீட்டில் என்ன சமையல், யார் யாரோடு பேச்சு வார்த்தை இல்லை என்று தெரிந்தவள் ஜெயலெட்சுமிதான் என்று எல்லோரும் என் கடையைக் காட்டியிருக்கிறார்கள். ஊர் என்னைப் பற்றி உண்மை பேசியது அந்த ஒரு தடவைதான்.

என் வேலை சின்ன வேலை. மாலையில் ஒவ்வொருத்தியாகக் கூப்பிடுவேன். வார் அழுத்துகிறதா, வலி உண்டா, நாளைக்கும் போடுவாயா என்று கேட்பேன். கையில் வைத்திருந்த பலகைபோன்ற கம்ப்யூட்டரில் ஐந்து முகங்கள் இருக்கும். அழுகிற முகத்தில் தொடங்கிச் சிரிக்கிற முகம்வரை. பதிலுக்கு ஏற்ற முகத்தை நான் தொட வேண்டும். சிரித்த முகம் என்றால் மறுநாள் மோட்டாரின் பலத்தை ஒரு படி கூட்டுவார்கள், வாரையும் ஒரு துளை இறுக்குவார்கள். அழுகிற முகம் என்றால் நிறுத்திவிட்டு ஆளைப் பார்ப்பார்கள்.

நாகலெட்சுமியே தனுஜாவிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கும் பஜாருக்கும் போதுமான சிங்களம் அவளுக்குத் தெரியும். தினமும் காலையில் தனுஜா நலமா என்று கேட்பாள். "ஹொந்தாய் மிஸ்", நன்றாக இருக்கிறேன் என்பாள் இவள், பல் தெரிய. தோட்டத்தில் அப்படித்தான். வந்தவர் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். கங்காணியிடம் சொல்வார்கள், அவர் கணக்கப்பிள்ளையிடம் சொல்வார், அவர் துரையிடம். நடுவில் ஆள் இருக்கும்போது தாண்டிப் பேசுவது மரியாதை இல்லை. இங்கே நடுவில் இருந்த ஆள் நான். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாயிற்று என்று அவள் மலைக்கு வேலைக்குப் போனாள். இவ்வளவு மரியாதையை யார் கேட்டது?

அவளுக்கு ஒரே மகள், கோசலா. ஹட்டனில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறாள். என் மகன் சுமன் அவளைத்தான் கட்டுவேன் என்று தைப்பொங்கலன்று இலையில் உட்கார்ந்துகொண்டு சொன்னான். மூன்று தலைமுறையாகப் பஜாரில் சேலைக்கடை வைத்திருக்கும் வீட்டுக்கு லயத்து வரிசைவீட்டுச் சம்பந்தம். நான் கத்தவில்லை. இன்னும் கொஞ்சம் பொங்கல் வைத்தேன்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் ஒருத்தர் பெயராவது வேலைப் பதிவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லயத்தில் கொடுத்த காம்பரா அறையைத் திருப்பிக் கேட்பார்கள். அந்த வீட்டில் நாகலெட்சுமியின் பெயர் மட்டும்தான். அவளால் முடியாமல் போனால் மகள் ஹட்டனை விட்டு வந்து கூடை தூக்க வேண்டும். டீச்சரைக் கட்டுகிறேன் என்று பெருமையாகத் திரிகிறவன், படங்கு கட்டியவளைக் கட்டுவானா? என் பிள்ளையை எனக்குத் தெரியாதா?

முதல் நாள் எட்டுப் பேருக்கும் உள்ளபடியே தொட்டேன். இரண்டாம் நாள் நாகலெட்சுமி தொடையில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது, பிறகு மரத்துப்போகிறது என்றாள். நான் அவசரக்காரி இல்லை. முகத்தைத் தொடும் முன் தனுஜாவிடம் போய், கால் மரத்தால் என்ன அர்த்தம் என்று பொதுவாகக் கேட்டேன்.

அவள் கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டாள். "நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம், ஆன்டி. அன்றைக்கே கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் நடக்கும்போதே கால் விட்டுவிடும். யாராவது சொன்னார்களா?"

"இல்லை மகள், சும்மா கேட்டேன்" என்றேன் சிங்களத்தில். திரும்பி வந்து சிரித்த முகத்தைத் தொட்டேன். அன்றிலிருந்து பத்து நாளும் அவளுக்கு அதே முகம். மற்ற ஏழு பேருக்கும் உள்ளது உள்ளபடியே பதிந்தேன். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் காலை மேட்டு மலையில் அவள் இடது கால் மடங்கியது. காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. மெஷின் மட்டும், மேட்டில் ஏறுகிறாள் என்று எண்ணி முழுப் பலத்தோடு தள்ளிவிட்டது. கீழே கல் கட்டிய வடிகால் கான், அதில் போய் விழுந்தாள். முதுகெலும்பு போய்விட்டது, இனி நடக்க மாட்டாள் என்றார்கள். நான் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் சொல்லித்தான் பாத்தீங்க மொதலாளியம்மா. அவங்கதான் கேக்கல" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். படுத்திருப்பவளை மறுத்துப் பேசுவது அழகில்லை.

கோசலா படித்த பெண் இல்லையா, அம்மாவின் பதில்களைக் காட்டச் சொல்லித் தனுஜாவைக் கேட்டிருக்கிறாள். பத்து நாள், ஒரே முகம். அதைக் கொண்டுவந்து உங்களிடம் காட்டியிருக்கிறாள், அப்படித்தான் நீங்கள் என் கடைக்கு வந்தீர்கள்.

தனுஜா வேலையை விட்டுவிட்டாள். மாத்தறைப் பக்கம் கல்யாணமாகிப் போனதாகக் கேள்வி. மெஷின்கள் பெட்டியோடு கொழும்புக்குத் திரும்பிவிட்டன. கோசலா தோட்டத்தில் பெயர் பதிந்தாள், நான் நினைத்தபடியே. சுமன் விஷயத்தில்தான் கொஞ்சம் பிசகிவிட்டது. அவளுக்குக் கோயிலில் வைத்துத் தாலி கட்டி, லயத்துக்கே குடிபோய்விட்டான். எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. கிளினிக் நாட்களில் மாமியாரை முதுகில் சுமந்துகொண்டு பஸ் ரோடுவரை அத்தனை படியும் இறங்குகிறானாம். இந்த வயதிலேயே இடுப்பு போய்விடும். அந்த மெஷின்களில் ஒன்றையாவது இங்கே விட்டுப் போயிருக்கலாம், ஐயா, என் பிள்ளைக்கு உதவியிருக்கும். போட்டிருப்பவர்களுக்கு ஒரு கஷ்டமும் தெரியாது. பத்து நாளும் நானே பதிந்திருக்கிறேன், பாருங்கள்.