மச்சானுக்கு மறதி வந்த விதம்

காலம் தவறாமைதான் மனிதனை விலங்கிலிருந்து பிரித்துக் காட்டும் ஒரே குணம். இதை நான் மேடை மேடையாகச் சொல்லி வருகிறேன், டாக்டர். அதுதான் என் பிழைப்பு. கம்பெனிகளிலும் கல்லூரிகளிலும் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுப்பார்கள். வெளியில் எனக்கு ‘டைம் சார்’ என்று பெயர். அந்த டைம் சார் ஆறு வருடங்களாக வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யவில்லை.

ஏமாற்றும் எண்ணமெல்லாம் கிடையாது. அதற்கும் ஒரு சுறுசுறுப்பு வேண்டும். முதல் வருடம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த வருடம், பழசையே முடிக்காமல் புதுசை எப்படித் தொடுவது என்று விட்டேன். அதற்குப் பிறகு வரித் துறையிலிருந்து வந்த கடிதங்களைப் பிரிக்காமலே ஒரு தலையணை உறைக்குள் போட்டு வந்தேன். தலை வைத்துப் படுக்கலாம் என்ற அளவுக்கு அது பருத்த பிறகு, ஆடிட்டரைப் பார்ப்பது என்று துணிந்தேன்.

ஆடிட்டர் சின்ன வயதுப் பெண். நாற்காலியில் கிடந்த ஃபைல்களைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். உறையை மேஜையில் கவிழ்த்துக் கொட்டினார். சிரிக்கவில்லை, அது அவர் பெருந்தன்மை. பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“நீங்க டைம் சார்தானே? எங்க காலேஜுக்கு வந்து பேசினீங்க. ‘நாளைன்னு சொல்றவன் நேத்தே செத்தவன்’னு சொன்னீங்க. அதைச் செவுத்துல எழுதி வெச்சுப் படிச்சுத்தான் சார் நான் பாஸ் பண்ணேன். உங்களுக்கா சார் இப்படி ஆச்சு?”

சோம்பல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். தொண்டை வரை வந்தது. ஆனால் ஒருவருடைய சுவரில் இருப்பது லேசான விஷயமில்லை. இறங்க மனம் வராது.

“என் மச்சான்தாம்மா இதெல்லாம் பாத்துக்கிட்டான். கொஞ்ச நாளா அவனுக்கு மறதி. பாவம், திட்டவும் மனசு வரல” என்றேன்.

அந்தக் கடைசி வரி எனக்கே பிடித்திருந்தது. அவருக்குக் கண் கலங்கியது. அடுத்த மாதம் மச்சானையும் கூட்டி வரச் சொன்னார். எந்தக் காகிதத்தை எங்கே வைத்தார் என்று பக்குவமாகக் கேட்டுப் பார்க்கலாமாம்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. கல்யாணம் காட்சி இல்லாமல் எங்களோடுதான் இருக்கிறான். மருந்துக் கடையில் வேலை. எந்த மாத்திரை எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பான். என் கணக்குவழக்கில் அவன் கை வைத்ததே இல்லை. “மாமா, கணக்கு குடுத்தாச்சா?” என்று வருடம் தவறாமல் கேட்டதுதான் அவன் செய்த ஒரே காரியம். இப்படிப்பட்டவனை ஆடிட்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் என் மானம் என்னாகும்?

நல்லவேளையாக ஒரு மாதம் அவகாசம் இருந்தது. திட்டமிடுவது எப்படி என்று ஊருக்கே பாடம் எடுப்பவன் நான். முதலில் அவன் மூக்குக்கண்ணாடியை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தேன். வீடே சிரித்தது, அவனும் சிரித்தான். பிறகு பர்ஸ் செருப்பு அலமாரிக்குப் போனது, கடைச் சாவி அரிசி டப்பாவுக்குப் போனது. சிரிப்பு குறைந்தது. ஆனால் பொருளை ஒளிப்பதைவிடப் பேச்சுதான் நன்றாக வேலை செய்தது. சொல்லாத விஷயத்தை, “நேத்து சாப்பிடும்போது சொன்னேனேடா, தலையாட்டினியே” என்பேன். முதலில் வாதாடினான். போகப் போக, “ஆமா மாமா, சொன்னீங்க” என்று அவனே சொல்ல ஆரம்பித்தான். உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டு அலைந்தான். என் மனைவி சமையலறையில் நின்று அழுவாள். நான்தான் தோளைத் தட்டி ஆறுதல் சொல்வேன். ஆறுதல் சொல்வதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு, டாக்டர். அதற்குத் தனிக் கட்டணம் வாங்குகிறேன்.

ஆடிட்டர் ஆபீசில் நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அவனே தலையைக் குனிந்துகொண்டு ஆரம்பித்தான்.

“என்னாலதான் மேடம். மாமா என்னை நம்பி விட்டிருக்காரு. என்கிட்ட குடுத்தாருங்கறதே எனக்கு ஞாபகம் இல்ல. எங்க வெச்சேனோ.”

ஆடிட்டர் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார். என்னைப் பார்த்த பார்வையில் முன்னைவிட மரியாதை கூடியிருந்தது. அன்று சாயந்திரம் அவன் கடைச் சாவியை முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தான். “ஒரு மாத்திரை மாறிப் போனா ஒரு உயிர் மாமா” என்றான். வேலையை விடும் அளவுக்குப் போவான் என்று நான் நினைக்கவில்லை. அவனுக்கு எதிலுமே நிதானம் போதாது.

ஆறு வருடக் கணக்கும் பத்தே நாளில் தாக்கலாகிவிட்டது. தாமதத்துக்கான காரணத்தை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று ஆடிட்டரிடம் ஆவலோடு கேட்டேன். “காரணமெல்லாம் அவங்க கேக்க மாட்டாங்க சார். அபராதம் கட்டியாச்சு, முடிஞ்சுது” என்றார். ஆக, மச்சானின் மறதி அரசாங்கத்துக்குத் தேவைப்படவில்லை. ஆடிட்டர் வீட்டுச் சுவருக்குத்தான் தேவைப்பட்டது.

இப்போது மச்சானின் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்து, மூளையில் ஒரு கோளாறும் இல்லை என்கிறீர்கள். அவனை வெளியே உட்கார வைத்துவிட்டு, அவன் பொருட்களை வீட்டில் வேறு யார் எடுப்பார்கள் என்று என்னைப் பணிவாகக் கேட்டீர்கள். நானும் பணிவாகவே சொல்கிறேன். கண்ணாடி, பர்ஸ், சாவி, சொல்லாததைச் சொன்னதாகச் சாதித்த பேச்சுகள் எல்லாம் நான்தான். இன்று காலை உங்கள் மருந்துச் சீட்டு காணாமல் போய், அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டானே, அதை எடுத்ததும் நான்தான். என் சட்டைப் பையில் இருக்கிறது.

கணக்கெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் நிறுத்தவில்லை என்கிறீர்கள். நியாயமான கேள்வி.

இந்த வருடக் கணக்குக்கான கடைசி நாள் போன வாரம் முடிந்துவிட்டது. நான் தாக்கல் செய்யவில்லை.